மெதுவாக ஏறும் மின்சாரம்

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கூரையை நான் பார்த்ததில்லை. அவளுடைய காரின் கூரை எனக்கு மனப்பாடம். வெளிர் சாம்பல் துணி, ஓரத்தில் ஒரு சின்னக் கறை, கீழே இருக்கையில் அவள் தலைசாய்க்கும் இடத்தில் ஆரஞ்சு நூலில் தையல்.

காரணம் எளிது. அவள் குடியிருந்த அடுக்குமாடியில் சார்ஜ் போடும் வசதி கிடையாது. வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்து திரும்பும் வழியில், ஒரு கடைவளாகத்தில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்து எங்களைக் கூப்பிடுவாள். அங்கே சாயங்காலம், மயிலாப்பூரில் நாங்கள் மத்தியானம் மோர்சாதம் முடித்துக் கை அலம்பும் நேரம். மற்ற நாட்களில் அவளுக்கு ஒழியாது. சமையல், பையனின் நீச்சல் வகுப்பு, முடியாத அலுவலகம். ஆக, அவளுடைய பேட்டரி இறங்கினால்தான் எங்களுக்கு அவள் முகம்.

அது சீனக் கார். வேலைக்காலம் முழுவதையும் சுங்கத் துறையில் கழித்தவன் நான். வெளிநாட்டுச் சரக்கை எந்த விதியின்கீழ் எவ்வளவு காலம் துறைமுகத்தில் உட்கார வைக்கலாம் என்பது எனக்கு அத்துப்படி என்று தரகர்கள் சொல்வார்கள். பாராட்டாகச் சொன்னதில்லை. எங்கள் பழைய பெட்ரோல் கார் இனி தேறாது என்று மெக்கானிக் கைவிரித்ததும் மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவு செய்தேன். மகளிடம் இருக்கும் அதே கார் இங்கேயும் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்திருந்தது. அதன் விலையில் எந்தப் பகுதி தீர்வை, எந்தப் பகுதி தீர்வையின்மேல் தீர்வை என்று காகிதம் இல்லாமல் சொல்ல என்னால் முடியும். அப்படி மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் அதை வாங்கப் போனேன்.

"கோவிலுக்கும் டாக்டர்கிட்டயும் போயிட்டு வரதுக்குச் சீனாலேர்ந்து வண்டி வரணுமா?" என்றாள் மனைவி. "நாளைக்கு ரெண்டு தேசத்துக்கும் சண்டைன்னா ஒரு திருகாணி கிடைக்காது. இங்க பண்றதை வாங்கினா ஆத்து வாசல்லயே வந்து ரிப்பேர் பண்ணுவான்."

"இங்க பண்றதுலயும் பேட்டரி அங்கேர்ந்துதான் வரது."

"அப்ப ஏன்னா முழுசா வாங்கணும்? பேட்டரி மட்டும் போறுமே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணாசாலைப் பக்கம் இருந்தது அந்தக் காட்சியறை. கச்சேரி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ ராயப்பேட்டையைச் சுற்றிக்கொண்டு போனது. விற்பனைப் பெண் திரையைத் தொட்டுத் தொட்டு ஏதேதோ காட்டினாள். "சார், இதோட பிளஸ் பாயின்ட்டே சார்ஜிங் ஸ்பீடுதான். நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள எண்பது பெர்சன்ட் ஏறிடும்."

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கேயும் இங்கேயும் வலப்பக்க ஸ்டியரிங்தான். ஏதோ தெரிந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தது போலிருந்தது. இதுவரை எதிரில் பார்த்ததெல்லாம் இப்போது எனக்குப் பின்னால் இருந்தது. எதிரே, ஏசி காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில், கைபேசி செருகும் ஒரு கவ்வி. அவளுடைய காரில் நாங்கள் அங்கேதான் இருப்போம், நானும் அவள் அம்மாவும், ஒரு உள்ளங்கைக்குள். நாங்கள் தெரியாத நேரத்தில் அதில் வழி காட்டும் வரைபடம் ஓடும்.

மனைவி பக்கத்து இருக்கையில் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. கையை நீட்டி, என் தலைக்குப் பின்னால் இருந்த ஆரஞ்சுத் தையலை விரலால் தடவினாள்.

"இதான்னா அது," என்றாள்.

"மேடம், வேற கலர்ஸ்லயும் ஸ்டிச்சிங் இருக்கு," என்றாள் விற்பனைப் பெண்.

"வேண்டாம்மா. இதே இருக்கட்டும்," என்றாள் மனைவி, அதுவரை எதிர்த்துப் பேசியவள்.

அடுத்து எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர். கீழ்த்தளத்தில் சார்ஜர் பொருத்த அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும்.

"சார், உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் குடுங்கோ. அதுக்குத்தானே சங்கம்?"

"தீப்பிடிச்சா?"

"லிஃப்ட்டுக்குப் பக்கத்துல ஜெனரேட்டரும் டீசலும் வெச்சிண்டு என்கிட்ட தீயைப் பத்திக் கேக்கறேள்."

தனி மீட்டர், எர்த்திங் சோதனை, ஒயரிங் வரைபடம் என்று அவர் கேட்டதையும், கேட்கத் தெரியாமல் விட்டதையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுத்தேன். இப்படிக் கோப்போடு வருகிறவர்களை எதிர்த்து நின்று எனக்கே பழக்கமுண்டு. ஆகவே அவர் எப்போது சோர்வார் என்பதும் தெரியும். சோர்ந்தார். கடிதம் வந்தது.

அதற்கு அடுத்த அழைப்பில் மகள் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, குட் நியூஸ். தனி வீடு வாங்கிட்டோம். கராஜ் இருக்கு. சார்ஜர் மாட்டியாச்சு. ராத்திரி சொருகிட்டுத் தூங்கினா காலம்பற ஃபுல். இனிமே இங்க வந்து தேவுடு காக்க வேண்டாம். எவ்வளவு நேரம் வேஸ்ட் தெரியுமா?"

"ரொம்ப நன்னாருக்குடி," என்றாள் அவள் அம்மா. "எப்ப குடி போறேள்?"

"இந்த வாரக் கடைசி."

நானும் வாழ்த்தினேன். தனி வீட்டில் சார்ஜர் பொருத்த யாருடைய ஆட்சேபணையின்மையும் தேவையில்லை. என்னிடம் கேட்டிருந்தாலும் ஆட்சேபிக்க எனக்கு முகாந்திரம் இல்லை. அழைப்பு முடிந்தபின் மனைவி கைபேசியைத் துணியால் துடைத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

குடிபோன வாரம் அழைப்பு இல்லை. சாமான் பிரிக்கிற வேலை இருக்கும் என்றேன். அடுத்த வாரமும் இல்லை. பிரிக்க நிறைய இருக்கும் என்றாள் மனைவி. செய்தி வந்தது: ஒரு கட்டைவிரல், ஒரு இதயம், வீட்டின் முன்பக்கப் படம். படத்தில் கராஜ் கதவு மூடியிருந்தது.

சுங்க விதிகளில் ஒரு சலுகை உண்டு. இங்கிருந்து ஏற்றுமதியான பொருள் திரும்பி வந்தால் தீர்வையைத் தள்ளுபடி செய்யலாம். இரண்டே நிபந்தனை. குறித்த காலத்துக்குள் வரவேண்டும். போன பொருளே வந்திருக்கிறது என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும். எத்தனையோ பெட்டிகளைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் மோர்சாதம் முடிந்து கை அலம்பும்போதெல்லாம் எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

சீனக் காருக்கு முன்பணம் கட்டப் போகவேண்டிய நாளில் நான் தி.நகருக்குப் போனேன். அங்கே உள்நாட்டுக் காரின் காட்சியறை. நடத்தியவர் தெற்கத்திக்காரர். குடும்பத்துக்கு ஜவுளிக்கடையும் உண்டாம். காரையும் புடவை போலவே விரித்துக் காட்டினார்.

"இதுல சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டாலும் சீன வண்டி அளவுக்கு வராது சார். உள்ளதைச் சொல்லணும்லா? ஒரு மணி நேரம் வச்சுக்கிடுங்க."

"கம்மியான சார்ஜர்ல போட்டா?"

"அது ஆகும் சார், ரெண்டு மூணு மணி நேரம் கூட. ஆனா நீங்க வீட்லயே மாட்டிட்டா அந்தத் தொந்தரவே கிடையாது."

"மாட்டப் போறதில்லை."

"அப்போ சீன வண்டிதான் சார் உங்களுக்குத் தோது," என்றார், வியாபாரத்தை மறந்து.

"இல்லை. இதுதான்."

சங்கத்தின் கடிதம் அலமாரியில் இருக்கிறது. செயலாளர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் லிஃப்ட்டை விட்டு மாடிப்படியில் போகிறார்.

அடையாறில் ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம், தூங்குமூஞ்சி மரத்தடியில், யாரும் சீண்டாத ஒரு மெதுவான சார்ஜர் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் புதுக் காரில் அங்கே போனோம். மனைவியின் முழங்காலுக்கு இந்த இருக்கை சரியான உயரம். காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, கவ்வியில் கைபேசியைச் செருகி, நான் கூப்பிட்டேன்.

மூன்றாம் முறை எடுத்தாள். கையில் கரண்டி. "என்னப்பா? அம்மாக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லை. சார்ஜ் ஏறிண்டிருக்கு. சும்மா உக்காந்திருக்கோம்."

அவள் கைபேசியை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. வெள்ளை, நடுவில் ஒரு விளக்கு. தாளிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, சீட் மேல பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கலையா?"

"பிரிச்சா அழுக்காகும்."

"அடுத்த தடவை கூப்பிடறச்சே அது இருக்கக் கூடாது," என்றாள்.

டாஷ்போர்டில் சார்ஜ் சதவீதம் ஒன்று கூடியது. மனைவி அதைக் கையால் மறைத்துக்கொண்டாள்.