உப்புக்கு அஞ்சாத அட்டை

ஏற்காட்டில் கடல் பார்த்தவள் நான். சொன்னால் சிரிப்பார்கள். ஏரிக்குப் போகும் வழியில் அப்பா நடத்திய சின்ன லாட்ஜின் வரவேற்பறையில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் அந்தக் கடல் இருந்தது. லாட்ஜின் பின்கட்டில்தான் எங்கள் வீடு. மலைக்கு வருகிறவர்களுக்கு எல்லா லாட்ஜிலும் மலையைத்தான் காட்டுகிறார்கள், நாம் கடலைக் காட்டுவோம் என்பது அப்பாவின் யோசனை. அவருக்கு யோசனை வருவது காய்ச்சல் வருகிற மாதிரி. தானாக இறங்கும்வரை யாரும் கிட்டே போக முடியாது. தெரிந்த லாரிக்காரர் ஒருவர் கேன் கேனாகக் கடல் தண்ணீரும் மூட்டையில் கடல் மணலும் கொண்டுவந்து இறக்கினார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஆறு மீன்கள் சென்னையிலிருந்து வந்தன.

ஒரு மாதம் அமர்க்களமாகப் போனது. பிறகு மணல்மேல் பழுப்பாக ஒரு பாசி படர்ந்தது. கிளறினால் அடி மணல் கறுப்பு, அதோடு அழுகிய முட்டை நாற்றம். அறை கேட்டு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த லாட்ஜுக்கு நடையைக் கட்டினார்கள். அப்பா மணலை அள்ளி, அரிசி களைவது போலக் குழாய்த் தண்ணீரில் ஐந்தாறு முறை களைந்து, வெயிலில் காயவைத்துத் திரும்பக் கொட்டினார். மணல் பளபளத்தது. மறுநாள் இரண்டு மீன்கள் மிதந்தன. மறுபடி பாசி, மறுபடி களைதல், மறுபடி ஒரு மீன். மீதி மூன்றானதும் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. மே மாத சீசன் கூட்டம் வருவதற்குள் மணல் வெளுக்காவிட்டால் தொட்டியைக் காலி செய்து அதில் காப்பித்தூள் பாக்கெட் அடுக்கிவிடுவேன் என்றார்.

நான் கவலைப்பட்டது மீன்களை நினைத்து அல்ல, சித்தியை நினைத்து. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அந்தத் தை மாதம்தான் அவள் மலையேறி வந்திருந்தாள். தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். எங்கள் குளிர் அவளுக்குச் சேரவில்லை. சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கொறிக்கிற மாதிரி சாப்பிட்டாள். மத்தியானத்தில் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் அவள் முகத்தில் களை வரும். "இந்தப் புள்ளைக்கு மலை ஒத்துக்கலைங்க. சித்திரைக்குள்ள அவிங்க ஊட்டுக்கே போயிரும் பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். தொட்டியும் போய்விட்டால் சித்தியும் போய்விடுவாள் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை.

எங்கள் வீட்டு வழக்கப்படி, தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசக்கூடாது. அவரும் அவளிடம் பேசமாட்டார். நான்கடி தூரத்தில் நின்றாலும் இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை வேண்டும். அந்தக் குழந்தை நான். பத்து வயதில் அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்பா மூன்றாவது முறை மணலை அள்ளப்போனபோது சித்தி என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"மண்ணைக் கழுவ வேணாம்னு உங்கப்பாகிட்டச் சொல்லு தாயி. அது உசுருள்ள மண்ணு. கழுவினா செத்துப்போகும். மண்ணைத் திங்கிற ஆளைக் கொண்டாந்து விடச் சொல்லு."

அப்பாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுவிட்டது. ஆனாலும் நான் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"மண்ணைத் திங்கிற ஆளா? அது ஆருன்னு கேளு கண்ணு."

சித்தி யோசிக்கவே இல்லை. மளிகைச் சாமான் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள். பாசியை மேயச் சின்ன நத்தைகள். மீன் சிந்துகிற இரையைப் பொறுக்க, காலிச் சங்குக்குள் குடியிருக்கிற குட்டி நண்டு நாலு. பெரிய நண்டு வேண்டாம், அது மீனையே பிடித்துவிடும். மணலையே விழுங்கிச் சுத்தமாக்கித் தருவதற்கு ஒரு கடல் அட்டை.

"பார்வையா இருக்கும், ஒரு நட்சத்திர மீனும் கொண்டாரலாமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லு. அது நத்தையைத் தின்னு தீத்துட்டு, பொறவு தானும் பட்டினி கெடந்து சாகும்."

"அப்ப அந்த அட்டையைப் பத்தாக் கொண்டாந்துட்டா வெரசா வேலை முடியுமில்ல?"

"இத்தனூண்டு மண்ணுக்கு ஒண்ணே போதும். ரெண்டாவது வந்தா ரெண்டுக்கும் வவுறு நெறையாது."

அழகாக இருக்கிறதா என்று அவள் ஒன்றைப் பற்றியும் பார்க்கவில்லை. அது என்ன தின்னும், அதற்கு இங்கே சாப்பாடு கிடைக்குமா என்பதை மட்டும் பார்த்தாள். இரண்டு சோற்றுப் பருக்கைக்கு மேல் தனக்குச் சாப்பாடு இறங்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நண்டின் வயிற்றைப் பற்றி அப்படிக் கவலைப்பட்டவளை நான் அதற்குப் பிறகும் எங்கும் பார்த்ததில்லை.

சித்தப்பா பஸ் மாறி மாறி அவள் ஊருக்குப் போய், எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்தார். சித்தி உடனே தொட்டியில் விடவில்லை. தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக வாளியில் ஊற்றி ஊற்றிப் பழக்கினாள். அதற்கே ஒரு மணி நேரமானது. கடைசியாக அட்டை இறங்கியது. சாம்பல் நிறம், என் முழங்கையளவு நீளம், முகம் எது வால் எது என்று தெரியாத உடம்பு. நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அட்டை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காப்பித் தோட்டத்துக்குள் போனால் காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும். அதற்காகவே ஒரு துணியில் உப்பை முடிந்து, குச்சி நுனியில் கட்டி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்போம். அதைத் தொட்டால் போதும், அட்டை சுருண்டு விழுந்துவிடும். விரல் நீள அட்டைக்கே அவ்வளவு ரத்தம் வேண்டுமென்றால், முழங்கை நீள அட்டைக்கு மூன்று மீன் எந்த மூலைக்கு?

மூன்றாம் நாள் மத்தியானம் அது கண்ணாடியோரமாக மீன்கள் பக்கம் நகர்ந்தது. நான் ஓடிப்போய் உப்புக் குச்சியை எடுத்துவந்தேன். நாற்காலிமேல் ஏறி, அதன் முதுகில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த ஜீவன் அது. விழவில்லை. நான் இன்னும் பலமாகக் குத்தினேன். அது ஒரு தரம் இறுகியது. பிறகு அதன் பின்பக்கத்திலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகக் குடல் மொத்தமும் வெளியே வந்து தண்ணீரில் மிதந்தது.

நான் போட்ட அலறலில் எல்லாரும் வந்துவிட்டார்கள். சித்தி முதலில் வந்தாள். என் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டாள்.

"ஆரு பண்ணுன வேலைடா இது?" அப்பாவின் குரலில் மேசைமேல் இருந்த மணியே அதிர்ந்திருக்கும். கோபம் வந்தால் அவருக்குக் கை நீண்டுவிடும். அது என் கன்னத்துக்குத் தெரியும்.

"நாந்தாங்க."

ஒரு கணம் யார் பேசியது என்றே எனக்குப் புரியவில்லை. சித்தி அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நாந்தாங்க குச்சியை விட்டுக் குத்திட்டேன். தப்புத்தாங்க."

அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பி மனைவியைத் திட்ட அப்பாவுக்கு வாயில்லை. வழக்கம் அவரையும் கட்டிப்போட்டிருந்தது. என் கை முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

"இனி அது பொழைக்குமான்னு கேளு கண்ணு."

"பொழைக்குங்க," சித்தி எனக்காகக் காத்திருக்கவில்லை. "கொடலைத் துப்பிட்டாலும் அது சாகாதுங்க. ஒரு மாசம் தின்னாம கெடக்கும். பொறவு புதுசா மொளைச்சிரும்."

"அப்படீங்களா?" என்றார் அப்பா, தொட்டியைப் பார்த்து.

சித்தி ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு டம்ளரால் குடலை அள்ளி வெளியே எடுத்தாள். மிச்சமிருந்த கேனிலிருந்து புதுக் கடல் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மீனும் சாகவில்லை. அட்டை மட்டும் ஒரு மூலையில் காலியான பை மாதிரி கிடந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அதைப் பார்ப்பேன். அது செத்தால் தொட்டி போகும், சித்தி போவாள், காரணம் நான். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்திதான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே தானும் சாப்பிட்டாள்.

சித்திரை பாதியில் ஒரு காலை, அட்டை இடம் மாறியிருந்தது. அது போன வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று மணல், பாசிமணி கோத்தது போல உருண்டை உருண்டையாக. நான் அப்பாவிடம் சொல்லத் தலைதெறிக்க ஓடினேன். அங்கே சித்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மண்ணு திங்க ஆரம்பிச்சிருச்சுங்க."

"நொம்ப சந்தோசமுங்க," என்று அவளிடமே சொன்னார் அப்பா.

அந்தச் சீசனில் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. அட்டையைப் பெற்று வளர்த்தவர் போல அப்பா எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். தடுமாறும் இடத்தில் சித்தியைக் கேட்டார், சித்தி பதில் சொன்னாள். சித்தி ஊருக்குப் போகவில்லை. என்னைத்தான் யாரும் நடுவில் கூப்பிடவில்லை. உப்புக் குச்சியை விட்டது நான்தான் என்று எப்படியோ தெரிந்துபோய், அதற்குத் தண்டனையாகத்தான் இருவரும் சேர்ந்து என் உத்தியோகத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எண்ணி, சீசன் முடியும்வரை அந்தத் தொட்டிக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.