பூட்டுக்கு வைத்த தேங்காய் எண்ணெய்

போன வாரம் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் பழுதாகிவிட்டது. காலையில் தலைக்கு எண்ணெய் எடுக்கப் போனால், பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. வெந்நீர்க் குழாயின் கீழ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்ததை நீங்கள் பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள்.

சிரிப்புக்குக் காரணம் ஒரு சைக்கிள். 2010இல், இந்த வெளிநாட்டு நகரத்தின் தமிழர் பகுதியான லா ஷப்பலில் ஜெயந்தி அக்கா வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் தஞ்சாவூர்ப் பக்கம். என் அலுவலகம் நகரின் மறுகோடியில். மெட்ரோ நெரிசலில் எனக்கு மூச்சு முட்டும் என்பதால் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தேன். அது முற்றத்துக் கம்பியில், பூட்டும் சங்கிலியுமாக நிற்கும்.

"பனி வருவதற்குள் சைக்கிளைத் தயார் செய்துவிடு" என்றார் அலுவலக நண்பர் ஒருவர். தயார் செய்தேன், சைக்கிளையும் என்னையும். பிரேக்கை இறுக்கி, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டினேன். கோட்டுக்குள் செய்தித்தாள் மடித்து வைத்தேன். இரண்டு ஜோடி சாக்ஸ், அவற்றின் மேல் மளிகைக்கடை பிளாஸ்டிக் பை, அதன்மேல் ஷூ. நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். தலையில் அம்மா அனுப்பிய மங்கி குல்லா. கண்ணாடியில் பார்த்தால் வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியவள் மாதிரி இருப்பேன்.

நண்பர் சொன்னதில் கடைசி, பூட்டுக்கு எண்ணெய். ஊரில் எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் பூட்டு அடம்பிடித்தாலும் ஒரே மருந்துதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தாராளமாகவே கவிழ்த்தேன். அதே பாட்டிலைத் தினமும் வெந்நீரில் காட்டித்தான் தலைக்கு எண்ணெய் எடுக்கிறோம் என்பது மட்டும் புத்திக்கு எட்டவில்லை.

நல்ல குளிர் விழுந்த ஒரு காலை. ரயில், மெட்ரோ எல்லாம் வேலைநிறுத்தம். நான் செய்த வேலையை எட்டு மணிக்கு வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டும். வேலையில் இன்னும் தகுதிகாண் காலம்தான். சொதப்பினால் வேலை போகும், விசா போகும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். சாவி பூட்டுக்குள் பாதிவரை போய் நின்றுவிட்டது. ஊதினேன், தட்டினேன், திட்டினேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ?"

"பூட்டு திறக்க மாட்டேங்குதுக்கா!"

"என்ன விட்டனீர் அதுக்கு?"

சொன்னேன்.

"ஐயோ, தலைக்கு வைக்கிறதையெல்லே பூட்டுக்கு வைச்சிருக்கிறீர்!" ஜன்னல் மூடியது. கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் அக்கா நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கையில் ஆவி பறக்கும் ஒரு துணிப் பொட்டலம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய புட்டு, அதுவும் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவர் கணவருக்கானது.

பொட்டலத்தை அப்படியே பூட்டின் மேல் அமுக்கிக்கொண்டு, மேலே பார்த்துக் கணவருக்குக் குரல் கொடுத்தார்: "இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பாண் சாப்பிடுங்கோ!" பாண் என்றால் அவர்கள் பேச்சில் பிரெட்.

தேங்காய்ப்பூ மணமும் தேங்காய் எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தன. பூட்டுக்குள் உறைந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக இளகியது. சாவி திரும்பியதும் நான் அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். "நேரம் போகுது, ஓடும்!" என்று புட்டைப் பிரித்து இரண்டு பைகளில் கட்டி, என் கோட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றாகத் திணித்தார். சிவப்பு விளக்குகளில் நின்றபோதெல்லாம் அந்தச் சூட்டில் கையை நுழைத்துக்கொண்டேன். எட்டு அடிக்குமுன் போய்ச் சேர்ந்தேன், வேலை நிலைத்தது. இன்று இந்த ஊரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறதென்றால் அதன் அஸ்திவாரத்தில் கொஞ்சம் புட்டும் இருக்கிறது.

அதன்பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் பாக்கெட்டில் ஏதாவது சூடாக இருக்கும். அவித்த உருளைக்கிழங்கு, இல்லையென்றால் முட்டை. நான் சைக்கிளில் ஏறியதும் ஜன்னலிலிருந்து குரல் வரும்: "காதை மூடும், பிள்ளை!"

அக்கா குடும்பம் முதலில் செவ்ரான் புறநகருக்குப் போனது, பிறகு பிள்ளைகளோடு லண்டனுக்கு. முற்றத்துக் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஜன்னலில் இப்போது யாரோ செடி வளர்க்கிறார்கள். எனக்கு நல்ல கையுறை இருக்கிறது, பூட்டுக்கென்றே மணமில்லாத எண்ணெய் இருக்கிறது, ஹீட்டரையும் சரிசெய்துவிட்டார்கள். காதை மூடாமல் போனாலும் கேட்க ஆளில்லை. மூடிக்கொண்டுதான் போகிறேன்.