ஜாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. இப்போது வரும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றுக்கும் சைடு ஸ்டாண்டு மட்டும்தான். செயினுக்கு எண்ணெய் விட வேண்டுமானால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். அதற்கு என் கணவர் வைத்திருந்த ஏற்பாடு நான்தான். "இங்க வா, செத்த புடி" என்பார். வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், அவர் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றுவார். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று திட்டிக்கொண்டேதான் பிடிப்பேன். ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "இனிமே என்னக் கூப்புடாதீங்க, ஒரு ஜாக்கி வாங்குங்க" என்று கத்திவிட்டேன். மறு வாரமே வாங்கிவிட்டார்.

சின்னச் சின்னச் சக்கரம் வைத்த ஜாக்கி அது. தரையில் தள்ளிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் விட்டு, நீளமான கைப்பிடியை அழுத்த அழுத்த அதன் தலை மேலே வரும். அவர் நிதானமான ஆள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைப்பார். ஹேண்டில்பாரிலிருந்து கயிறு விட்டு, இந்தப் பக்கம் ஜன்னல் கம்பியிலும் அந்தப் பக்கம் கேட்டிலும் இழுத்துக் கட்டுவார். ஜாக்கியின் தலையில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அது சைலன்சரில் படாமல் வண்டியின் அடிச்சட்டத்தில் பொருந்துகிறதா என்று தரையோடு தரையாகக் குனிந்து பார்ப்பார். சக்கரத்துக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு எழும்பியதும் நிறுத்திவிடுவார். வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் உட்காருவார்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ பாக்கலியே" என்று கிண்டல் செய்வேன். "அப்ப பாத்திருக்கணும்" என்பார்.

அவர் டவுனில் ஒரு பேக்கரியில் மாவு மேசையில் இருந்தார். நீட்டு ரொட்டிக்கு மாவை உருட்டி, இழுத்து, மேலே பிளேடால் கீறி அடுப்புக்கு அனுப்புவது அவர் வேலை. விடியும் முன்பே முதலியார்பேட்டையிலிருந்து வண்டியில் கிளம்பிவிடுவார். அதிகம் பேச மாட்டார், எதற்கும் பெருமைப்பட மாட்டார். ஆனால் அவர் உருட்டிய ரொட்டியை மட்டும், கடையில் நூறு ரொட்டிக்கு நடுவே இருந்தாலும், இது என்னுது என்று காட்டுவார். அவருக்கு இருந்த பெருமை அவ்வளவும் அந்தக் கைகளில்தான்.

ஜாக்கி வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் சிவப்பு மைப் பேனா, அவருடைய ரொட்டி கீறும் பிளேடு. வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டேன். ஜாக்கிக்கும் ஒரு இடம் கொடுத்தேன். என் இடுப்பைக் காப்பாற்றிய சாமி ஆயிற்றே, அதற்குக் கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தேன். பொட்டு என்றால் நெற்றியில்தானே வைக்க வேண்டும். உருண்டையாக, தட்டையாக இருந்த அதன் தலையில் நடுவாகச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து அன்றைக்குக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். நான் காலையில் மறுபூஜை போட்டு, காய்ந்துபோன சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, சந்தனம் நீர்த்திருந்தது. அவர் செயினுக்கு எண்ணெய் விட்டு வேலையைத் தொடங்கலாம் என்று ஜாக்கியை எடுத்தார். கயிற்றைத் தேடினார். கேட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்ட நான் அதைத்தான் எடுத்திருந்தேன்.

"வாழக்கன்ன இப்பவே அவுக்காதீங்க" என்றேன். "அஞ்சு நிமிஷ வேலதான, நான் புடிச்சிக்கிறேன்."

இனிமேல் பிடிக்க மாட்டேன் என்று கத்தியவளும் நான்தான், பிடிக்கிறேன் என்று போய் நின்றவளும் நான்தான். அவர் செங்கல் வைத்தார், பலகை வைத்தார், தூக்கினார், ஆட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து, இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். செயின் எங்கோ இறுகியிருந்தது போல. சக்கரத்தை ஒரு இழு இழுத்தார். பலகை ஜாக்கியின் தலையை விட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. வண்டி அவர் பக்கம் சாய்ந்தது. நான் பிடியை விடவில்லை, வண்டிதான் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கால் வைக்கும் கம்பி அவர் இடது கையின் மேல் இறங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். என் சத்தம் கேட்டு ஓடி வந்து, வண்டியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று விரலில் எலும்பு முறிந்திருந்தது, இரண்டில் நரம்பும் அறுந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரிடம் விரல் மடங்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

"எப்டிம்மா நழுவிச்சு? எல்லாத்தையும் அவ்ளோ பாத்துப் பாத்துச் செய்வாரே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"தர கொஞ்சம் சரிவு" என்றேன்.

எனக்குக் காரணம் தெரியும். பலகை வழுக்கியபோது அதன் அடியில் மஞ்சளும் சிவப்புமாக இழுபட்ட கோட்டை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பார்க்க வந்தவர்களிடம் அவர், "கயிறு கட்டல, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு தினமும் விரலுக்குப் பயிற்சி. நடுவிரல் மெல்ல வழிக்கு வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவே இல்லை. பேக்கரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மாவு மேசையில் இல்லை, அடுப்படியில். நீளத் துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் வேலை. நல்ல வேலைதான் என்றார் அவர்.

ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் சமையலறையில் தனியாக நின்று, மாவு பிசைந்து வைத்துக்கொண்டு உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மெலிந்து, ஒரு பக்கம் தடித்துக் கோணலாக வந்தது. மறுபடி உருட்டினார், மறுபடியும் கோணல். என்னைப் பார்த்ததும் அதை அமுக்கி உருண்டையாக்கி, "சப்பாத்தி போட்டுடு" என்று என்னிடம் கொடுத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "கயிறு இல்லீங்க. சந்தனம். நான் ஜாக்கி தலையில அப்பி வச்சிருந்தேன். அதுலதான் பலக வழுக்கிச்சு."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"பலக வைக்கும்போதே பாத்தேன். ஈரமாதான் இருந்துச்சு. தொடச்சிடலாம்னு துணியக்கூட எடுத்துட்டேன்." குழாயை மூடினார். "நீ எதிர நின்னுட்டு இருந்த. நெத்தி நெறைய குங்குமம் வச்சிட்டு, சிரிச்சிட்டு நின்ன. நீ வச்ச குங்குமத்த உன் கண்ணு முன்னாடி எப்டித் தொடைக்கறது? கை வரல எனக்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இரும்பில் வைத்த குங்குமத்துக்குப் பயந்து யாராவது கையைக் கொடுப்பார்களா, உங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மடங்காத விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அத்தனை மாதம் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஒன்றை மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். ஜாக்கி கிடந்த இடத்திலேயே கிடந்தது. யாராவது வந்து பார்ப்பதற்குள் என்று அதன் முன்னால் உட்கார்ந்து, தலையில் மிச்சமிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். என் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.