துண்டுக்கடியில் எட்டுப் பாட்டு

ஊர்க் கோயிலில் கிடா வெட்டு முடிந்து, தோல்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் கிடங்குக்கு விற்கப் போனபோதுதான் ஆசாத்தை முதலில் பார்த்தேன். ஆட்டுத்தோலில் உப்புத் தேய்த்தபடி அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தார். வலிப்பு என்று பயந்து வண்டிச் சாவியை அவர் கையில் திணித்தேன். "ஒன்னுமில்ல அப்பு, பிராக்டிஸ்" என்றார், பூப்போன்ற குரலில்.

"இம்புட்டுக் கத்துறவன், இன்னொரு கரண்டி வெஞ்சனம் போடும்மான்னு கேக்க மாட்டேங்கிறானே" என்பது அவர் அம்மா குர்ஷித் பேகத்தின் குறை.

உறுமலையே பாட்டாகப் பாடும் அவருடைய மெட்டல் இசைக்குழு, அதாவது பேண்ட், புது ஆல்பத்தை அந்தக் கிடங்கிலேயே பதிவுசெய்தது. அடுக்கிய தோல்கள் எதிரொலியை விழுங்கிவிடும்; வாடை அக்கம்பக்கத்தாரை அண்டவிடாது. டெத் மெட்டலின் ஓட்டம், பிளாக் மெட்டலின் கிறீச்சல், டூம் மெட்டலின் சவ ஊர்வல நடை என எல்லாம் சேர்ந்து எட்டுப் பாட்டு. ஏன் இப்படிக் கலக்கிறீர்கள் என்றால், "குடலு, ஈரலு, கறி எல்லாம் ஒரே ஆட்டுலதான இருக்கு?" என்பார்.

அவரோடு பழகியபின் பேண்டின் ஆங்கில மின்னஞ்சல்கள் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்த வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். என் மின்னஞ்சலைப் படித்துத்தான் இசை நிறுவனக்காரர் ஸ்டீபன்ராஜ் பெங்களூரிலிருந்து வந்தார்.

"ஓடுற அஞ்சு போதும் பிரதர். இழுக்குற மூனையும் தூக்கிருங்க" என்றார். அந்த மூன்றும், அத்தா என்று அவர் அழைத்த அப்பா இறந்த வருடம் ஆசாத் எழுதியவை.

ஆசாத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டீபன்ராஜின் கைமேல் போர்த்தினார். அவர்கள் தோல் வியாபாரத்தில் பேரம் இப்படித்தான்: துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ, அதுதான் எண். ஐந்து பிடித்தார், பிறகு மூன்று. எட்டும் வேண்டுமாம். திகைத்துப்போன ஸ்டீபன்ராஜ், அவர் கையை முழுசாகப் பற்றிக் குலுக்கினார். ஆசாத்தின் முகம் செத்துவிட்டது.

வாசலில் ஸ்டீபன்ராஜ் என்னிடம், "அழுதுருவாரு போல இருந்துச்சு. சரி, எட்டும் இருக்கட்டும்னு கையக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

உள்ளே ஓடினேன். "பாய், எட்டுக்கும் சரின்னுட்டாரு!"

"வாயி ஆயிரம் சொல்லும் அப்பு. துண்டுக்குள்ள அவரு பிடிச்சது அஞ்சு விரலு. கை குடுத்த பெறகு மாத்திப் பேசுனா, நாளைக்கு எவன் நமக்குத் தோலு போடுவான்?" அன்றைக்கே ஐந்து பாட்டை மட்டும் அனுப்பிவைத்தார்.

போன மாதம் ஆல்பம் ஐந்து பாட்டோடு வெளியானது. விழா மேடையில் ஸ்டீபன்ராஜ் சிரித்தபடி கை நீட்டினார். ஆசாத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் தாழ்த்தி ஸலாம் சொன்னார்.