கேள்வி கேட்கும் வேலை

லண்டனில் ஒன்றரை வருடம் நான் செய்த வேலை கேள்வி கேட்பது. முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, அது திரும்பச் சாத்தப்படுவதற்குள் ஒரு கேள்வியையாவது கேட்டுவிட வேண்டும். எப்படி இருக்கிறீர்கள், இந்தத் தெருவுக்கு வந்து நாளாகிறதா, மனசு கஷ்டமாக இருக்கும்போது யாரிடம் சொல்வீர்கள். மூன்றாவது கேள்விவரை தாக்குப்பிடித்த வீடுகள் குறைவு. மழையில் நனைந்துகொண்டு நிற்கும் இரண்டு பெண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' என்று சொல்ல இங்கிலாந்துக்காரர்களால்தான் முடியும். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டிவிட்டுச் சாத்தினால்கூடப் பரவாயில்லை.

நான் மோர்மன், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். ஊர் கோயம்புத்தூர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் இதில் எது பொய் என்று யோசிப்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் இந்தச் சபையில் சேர்ந்துவிட்டார்கள். எங்களில் இளம் வயதில் சபையைப் பரப்பும் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எந்த நாட்டுக்கு என்பதை நாம் கேட்க முடியாது, அவர்கள் சொல்வதுதான். எனக்கு லண்டன் என்று வந்தபோது அம்மா சந்தோஷத்தில் அழுதார். அப்பா மட்டும், "நீ ஒண்ண எடுத்தா விடமாட்டே கண்ணு, அதுதான் எனக்குப் பயமா இருக்குது" என்றார். அவருக்குத் தன் மகளைத் தெரியும்.

எங்களுக்கு விதிகள் ஏராளம். எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். கூட வரும் துணை கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும், அவள் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். தூங்குவதும் ஒரே அறையில்தான். கழிவறை ஒன்றுதான் தனிமை. ஒன்றரை வருடமும் நான் அழுததெல்லாம் கழிவறையில்தான். எனக்குத் தென் லண்டனில் மோர்டன் என்ற பகுதியில் வாய்த்த துணை அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் உருளைக்கிழங்கு விவசாயி வீட்டுப் பெண். நல்ல உயரம், நல்ல மனசு, காலையில் எழுந்ததும் பாட்டு. அந்தப் பாட்டை மன்னிக்கத்தான் நான் அதிகம் ஜெபம் செய்திருக்கிறேன்.

மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை குத்தியிருப்போம். அதில் பெயருக்கு முன்னால் 'சிஸ்டர்' என்று இருக்கும். மோர்டனில் யாழ்ப்பாணத்து வீடுகள் நிறைய. அங்கே கதவைத் திறப்பவர்கள் பட்டையைப் படித்துவிட்டு, "நர்ஸோ?" என்று கேட்பார்கள். ஒரு பெரியவர் நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்த் தன் பிரஷர் மாத்திரைகளை எடுத்து வந்து, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது என்று காட்டிக் கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் அடுத்த கஷ்டம். தேத்தண்ணி வரும். எங்கள் சபையில் டீயும் காபியும் ஆகாது. ஒரு தமிழ் வீட்டில் உட்கார்ந்துகொண்டு டீ வேண்டாம் என்று சொல்வது, உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். எத்தனை முகங்கள் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

புதன்கிழமை மாலைகளில் எங்கள் சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவோம். அங்கேதான் அவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, குளிர்கோட்டுக்கு மேல் சால்வை, நெற்றியில் திருநீறு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என்னிடம் தமிழில் பேரம் பேசினார்.

"பிள்ளை, மதம் மாத்திறதெண்டால் இப்பவே சொல்லு, நான் போறன். நான் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போறனான். இங்கிலீஷ் மட்டும் எண்டால் வாறன்."

"இங்கிலீஷ் மட்டும்தாங்க ஆன்ட்டி."

"சத்தியமோ?"

"சத்தியங்க."

அவருக்கு ஒரு தேர்வு இருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பதற்கு முன் தேற வேண்டிய ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. எழுத்தே கிடையாது. ஒரு அறை, ஒரு தேர்வாளர், நமக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, பிறகு பொதுவான உரையாடல். அந்த உரையாடலில் நாமும் தேர்வாளரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டு முறை போய் இரண்டு முறையும் தோற்றிருந்தார். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் அவர் கணவர், மூன்றாவது முறையும் தோற்றால் இதோடு விட்டுவிடு என்று சொல்லியிருந்தார். ஆன்ட்டியும் சரி என்று சொல்லிவிட்டாராம்.

புதன்கிழமை போதவில்லை என்று வாரத்தில் இரண்டு மதியம் அவர் வீட்டுக்கே போனோம். டீக்குப் பதிலாகச் சுடுபால் என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். நான் எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். ஊழியத்துக்கு முன் எங்களுக்குத் தரும் பயிற்சியில் ஒருத்தி ஊழியக்காரி, இன்னொருத்தி வீட்டுக்காரி என்று பிரித்துக்கொண்டு நடித்துப் பழகுவோம். அதே முறைதான். நான் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்றால், நாலு. சமைக்கப் பிடிக்குமா என்றால், ஓம். என்ன சமைப்பீர்கள் என்றால், சோறு. அத்தோடு வாய் பூட்டிக்கொள்ளும். நானும் விடாமல் இன்னும் கேள்விகள் கேட்பேன், விதவிதமாகக் கேட்பேன். கேட்கக் கேட்க அவர் முதுகு நிமிரும், இரண்டு கைகளும் மடிக்குப் போய்விடும், கண் என் பட்டையில் நிற்கும். அடுப்படியில் என்னோடு வாய் ஓயாமல் வம்பளக்கும் மனுஷி, நாற்காலியில் உட்கார்ந்ததும் கல்லாகிவிடுவார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் ஆன்ட்டி, கூட ரெண்டு வார்த்தை பேசினா என்னங்க?"

பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே சொன்னார்.

"பிள்ளை, இஞ்ச வந்த புதுசில அகதிக் கேஸுக்கு என்னை ஒரு அறையில இருத்தி வைச்சுக் கேட்டவங்கள். காலமை துவங்கிப் பின்னேரம் மட்டும். எந்தப் பாதையால வந்தனீங்கள், வீட்டு வாசல் எந்தப் பக்கம், அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அவர் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவர். கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டுத் திருப்பி அதையே கேட்டவங்கள். ஒரு சொல்லு மாறினால், போன முறை வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள் எண்டுவாங்கள். லோயர் சொன்னவர், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, கூட ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ எண்டு. அதுக்கு முதல் ஊரில செக்பொயின்ற் சென்றியில நிண்ட ஆமிக்காரனுக்கும் அப்பிடித்தான் பதில் சொன்னனாங்கள். இப்ப நீ வந்து கதை கதை எண்டால் நான் என்ன செய்ய?"

"அப்ப அந்தப் பரீட்சையில அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?"

"ஆபிசரிட்டக் கேள்வி கேக்கிறதோ? அவர் என்னைப் பாத்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பாத்துக்கொண்டிருந்தன். நேரம் முடிஞ்சுது எண்டு எழுப்பி விட்டிட்டார்." சிரித்துவிட்டு மாவைத் தட்டினார். "பாஸ்போட் எடுத்து எங்கையும் போறதுக்கில்லைப் பிள்ளை. எடுத்திட்டன் எண்டால், அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை இருத்தி வைச்சுக் கேக்க ஏலாதெல்லோ. அதுக்குத்தான்."

பஸ்ஸில் திரும்பும்போது இதையெல்லாம் துணைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள், "அப்படியென்றால் நாம் அவரைத் தப்பான பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். அவரை ஊழியக்காரியாக்கு, நீ வீட்டுக்காரியாக இரு" என்றாள். காலையில் பாடும் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை வரும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அவளுடைய எல்லாப் பாட்டையும் மன்னித்தேன்.

அடுத்த முறை சமையலறைக் கதவுதான் தெருக்கதவு. நான் உள்ளே, அவர் வெளியே. அவர் தட்டினார். நான் திறந்து, இங்கிலாந்துச் சிரிப்பு ஒன்று சிரித்து, வேண்டாம் என்று சாத்தினேன். இரண்டாவது முறையும் சாத்தினேன். மூன்றாவது முறை மூக்குக்கு நேராகச் சாத்தினேன்.

"எடியே, என்ரை வீட்டுக் கதவையே எனக்குச் சாத்திறாயோ!" என்று வெளியே சத்தம் வந்தது.

"எங்களுக்குத் தினமும் இப்படித்தாங்க ஆன்ட்டி! கேளுங்க, ஏதாச்சும் கேளுங்க!"

நாலாவது முறை கதவு இடுக்கில் செருப்புக் காலை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் களைத்திருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா. வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள். அடுப்பில் என்ன. கேள்விக்கு மேல் கேள்வி. என் கேள்விகளைவிட எல்லாமே நல்ல கேள்விகள். ஒருவரையும் மனம் மாற்றப் பார்க்காத கேள்விகள், அதனால் பதில் சொல்லத் தோன்றியது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அதன் பிறகு அவரை வெளியே கூட்டிப்போனோம். மோர்டன் ஸ்டேஷனுக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. அவர் சாமி பேச வேண்டியதில்லை, சும்மா ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றோம். முதல் நாள் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் போய், இவன் நல்ல பிள்ளையா என்று கேட்டார். அந்தப் பெண்மணி நாயின் வயது, நோய், அதற்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுப் பூனை, தன்னை விட்டுப் போன கணவர் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. எங்களிடம் திரும்பி வந்தவரின் கண்கள் விரிந்திருந்தன.

"பிள்ளை, நான் ஒண்டு கேட்டன், அவ எல்லாத்தையும் சொல்லிப் போட்டா!"

எங்கள் ஊழியத் தலைவர் வாரம் ஒருமுறை போன் செய்வார். அந்தத் தமிழ்ப் பெண்மணி சபையை நோக்கி முன்னேறுகிறாரா என்று கேட்பார். ஆங்கிலத்தில் முன்னேறுகிறார் என்பேன். நேரத்தை வேறு வீடுகளுக்கும் கொடுக்கலாமே என்று பதமாகச் சொல்லிப் பார்த்தார். கொடுக்கிறேன் என்றேன். காலையில் கூடுதலாகக் கதவுகள் தட்டி, மதியச் சாப்பாட்டை நடந்துகொண்டே சாப்பிட்டு, அந்த இரண்டு மதியங்களை மட்டும் நான் விடவில்லை. பாடத்துக்காகக் கடவுளை ஏமாற்றுகிறேனோ என்று சில நாள் உறுத்தியது. இல்லை என்றுதான் ஒவ்வொரு ஜெபத்திலும் எனக்குத் தோன்றியது. அந்த நம்பிக்கையில்தான் நடந்தேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் எனக்கு இடமாற்றம் வந்தது. எங்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுவார்கள், யாரையும் கலந்துகொள்வதில்லை. எனக்குச் செவன் கிங்ஸ். லண்டனின் இன்னொரு மூலை. அனுமதியில்லாமல் நம் பகுதியைத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று தலைவரிடம் கேட்டேன். முடியாது என்றார். தேர்வன்றைக்கு மட்டும் போய்வர விடுங்கள் என்றேன். அதற்கும் முடியாது என்றார், அன்பாகத்தான். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"நீ வந்து அந்த அறைக்குள்ள இருக்கப் போறியோ? இல்லைத்தானே. பிறகென்ன? நான் போவன். நீ போய் உன்ரை கதவுகளைத் தட்டு."

செவன் கிங்ஸில் எனக்கு டோங்கா தீவிலிருந்து வந்த புதுத் துணை. தேர்வு நாளன்று நான் தட்டிய ஒரு கதவும் எனக்கு நினைவில் இல்லை. திங்கட்கிழமைகளில்தான் எங்களுக்குத் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் நேரம் தருவார்கள். அந்தத் திங்கட்கிழமை லாண்ட்ரியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"பிள்ளை, பாஸ்!"

நான் போட்ட சத்தத்தில் துணை பயந்துவிட்டாள். சோப்புத்தூள் வாங்க நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் சொல்லுங்க ஆன்ட்டி, முதல்லருந்து சொல்லுங்க."

"கதவைத் தட்டினன். அவர் வரச் சொன்னார். நான் உள்ளுக்குப் போகாமல் கதவடியிலயே நிண்டு, இப்ப கதைக்கிறதுக்கு உங்களுக்கு வசதியோ எண்டு இங்கிலீஷில கேட்டுப் போட்டன். எல்லாம் உன்னாலதான். அந்த மனுசன் சிரிச்சிட்டார். அதுக்குப் பிறகு பிட்டு அவிக்கிறதைப் பற்றிச் சொன்னன். அவர் என்னவோ எல்லாம் கேட்டார், சொன்னன். பிறகு பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தார்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டன். சின்னனில நீங்கள் எங்க இருந்தனீங்கள் எண்டு கேட்டன். கேட்டதும் மனுசன் நிமிந்து இருந்திட்டார். ஒரு ஊரைச் சொன்னார். பிறகு, இல்லை, அதுக்கு முதல் வேற இடம் எண்டார். எந்த வயசில எண்டு தெரியேல்லை, மாத்தி மாத்திச் சொல்லி, முகமெல்லாம் சிவந்து, சொறி சொறி எண்டு மன்னிப்புக் கேக்கிறார். எனக்குப் பாவமாப் போச்சு."

மெஷின்கள் ஓடும் சத்தத்தில் நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் சொன்னன், அவசரமில்லை, ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ, மாறினாலும் பறவாயில்லை எண்டு." அவர் குரல் உடைந்தது. "அந்தச் சொல்லு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை."