பதில் வாசிப்பவர்

வில்லைத் தந்தியின்மேல் வைத்துவிட்டு இழுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. வலப்பக்கமிருந்து யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலை மெல்ல ஆடுகிறது. பின்னால் தம்பூரா மீட்டும் மனைவி காத்திருக்கிறாள். தலையாட்டல் நின்றதும் வில் நகர்கிறது. அது தொடக்கம்போல் ஒலிப்பதில்லை. பாடி முடித்த ஒருவருக்குச் சொல்லும் பதில்போல் நடுவிலிருந்து எழுகிறது. அறையிலோ பாடுவதற்கு யாரும் இல்லை.

காலமெல்லாம் அவர் அக்காவுக்கு வயலின் வாசித்தவர். அக்கா பாடுவாள், இவர் பின்தொடர்வார். "அவ மூச்சு இழுக்குறத வச்சே தெரியும், எங்க போகப்போறான்னு" என்பார். ரசிகர்கள் வைத்த பெயர் நிழல். மேடைக்கு வெளியிலும் அப்படித்தான். தொலைபேசியை எடுத்தால் எதிர்முனை பேசும்வரை வாய் திறக்க மாட்டார். உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்னதையே தனக்கும் சொல்வார். "முடிவெட்டப் போய், முன்னாடி உக்காந்தவருக்கு வெட்டினதையே வெட்டுன்னு சொல்லி மொட்டையா வந்தவரு இவரு" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிய விரல்களால் மண்டையைத் தடவிக்கொண்டு அவரும் சிரிப்பார்.

அக்கா போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு தனிக் கச்சேரிக்கு அழைத்தார்கள். இரண்டு கச்சேரியிலும் நடுநடுவே நிறுத்தினார். முதல் தடவை, உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் தடவை ஜனங்கள் எழுந்து போனார்கள்.

மூன்றாவது கச்சேரிக்குத் தேதி கொடுத்திருந்த அரங்கத்தின் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், நீங்க பெரிய வித்வான், நான் சொல்லக் கூடாது. ஆனா இந்தத் தடவையும் நிறுத்தினீங்கன்னா, அடுத்து உங்கள நான் கூப்பிட முடியாது. மத்தவங்களும் கூப்பிட மாட்டாங்க."

மிருதங்கக்காரர் தன் பாணியில் கேட்டார்: "அண்ணே, அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்கா? சொன்னா நானும் ஒரு வணக்கம் வச்சுட்டுப் போறேன்ல."

மனைவியின் பயம் வேறு. நாத்தனாரின் கச்சேரிகளுக்கெல்லாம் தம்பூரா போட்டவள் அவள். அந்தக் குரல் போன வழியெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பழைய நினைப்பில் வாசிக்கிறார் என்றால் பழைய பாட்டுக்குத்தானே பதில் வரவேண்டும்? பதிலைக் கேட்டால் கேள்வியை ஊகித்துவிடலாம். இவர் இப்போது வாசிக்கும் பதில்களுக்கான கேள்விகளை அவள் நாத்தனார் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

கச்சேரிக்கு முந்தின நாள் மதியம் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, இதெல்லாம் உங்க அக்கா பாடினதே இல்லையே."

"ஆமா. இப்பதான் பாடறா." வில்லின் இழைகளுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்படிப் பாடறாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "முன்னவிட நல்லா."

அவள் கை தானாகத் தம்பூராத் தந்திகளைப் பொத்தியது. "நாளைக்கு மட்டும் நீங்களே ஆரம்பிங்க. நீங்களே முடிங்க. அவங்களுக்காக நிக்காதீங்க. நமக்கு இதவிட்டா வேற என்ன தெரியும்?"

"சரி" என்றார். அவர் எதற்கும் உடனே ஒப்புக்கொள்பவர்தான்.

மறுநாள் மாலை அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவர் தானே ஆரம்பித்தார். எந்தக் குரலும் முன்னால் போகாத பாதையில் வில் தயங்கித் தயங்கி இறங்கியது, பிறகு வேகம் பிடித்தது. ராகம் விரிந்துகொண்டே போனது; ஓரிடத்திலும் நிற்கவில்லை. முன்வரிசையில் செயலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மிருதங்கக்காரர் பின்னால் தம்பூரா மீட்டியவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் பல மாதங்களுக்குப் பிறகு தோளைத் தளர்த்தி மூச்சு விட்டாள். நிழல் என்று பெயர் வாங்கிய மனிதர் முதன்முதலாக ஒரு ராகத்தைத் தன் கையாலேயே முழுதாகக் கட்டி முடித்தார்.

கைதட்டல் எழுந்தது. அடங்கியது. அடுத்துப் பாட்டைத் தொடங்கவேண்டும். மிருதங்கக்காரர் கைகளைத் தூக்கித் தயாரானார்.

அவர் வில்லை மடியில் கிடத்தினார். வலப்பக்கத்து வெறும் விரிப்பை நோக்கித் திரும்பி, ராகத்தைப் பாடி முடித்த ஒரு பாடகர் பதில் வாசிக்கச் சொல்லிப் பக்கவாத்தியக்காரருக்கு விட்டுக்கொடுப்பதுபோல், உள்ளங்கையை மரியாதையாக விரித்து நீட்டினார்.