ஓடும் பஸ்ஸில் ஒரு ஜப்பானியச் சோதனை

நாட்டில் பெற்றோல் வரிசையும் கரண்ட் வெட்டும் இருந்த அந்த வருடம் நடந்தது இது. அப்போது நான் கற்பிட்டிப் பக்கம், எத்தாளையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் ஜப்பானிய மொழி படிப்பிக்க ஆசிரியர் இல்லை. இருந்தது ஒரு ஸ்மார்ட் போர்டும் அதை இயக்கத் தெரிந்த வேறு பாட ஆசிரியர் ஒருவரும்தான். ஜப்பானில் இருந்த ஒரு டீச்சர் புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு அந்தத் திரையில் வந்து எங்களுக்கு இலவசமாகப் படிப்பித்தார்.

அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கூடவே ஏக்கமும் வரும். டீச்சர் குனிந்து வணக்கம் சொல்வார், நாங்களும் குனிவோம். நெட் மெதுவாக இருப்பதால் நாங்கள் குனிவது அவருக்குப் பிந்தித்தான் தெரியும். அதைப் பார்த்து அவர் மறுபடி குனிவார், நாங்களும் மறுபடி குனிவோம். பாடம் தொடங்குவதற்குள் இடுப்பு நோகத் தொடங்கிவிடும். சில நேரம் அவர் முகம் வாயைத் திறந்தபடியே திரையில் நின்றுவிடும். அது அசையும் வரை நாங்களும் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்போம். மற்றப் பாடங்களில் நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. இந்த ஒன்றில்தான் என்னை யாராவது மெச்சியிருக்கிறார்கள். அதனால் அந்த வகுப்பு என்றால் எனக்கு உயிர்.

வருட முடிவில் பேச்சுச் சோதனை வந்தது. டீச்சர் ஒவ்வொருவராக வீடியோவில் அழைத்துப் பேசுவார். அதில் தேறினால்தான் அடுத்த வகுப்பு, அதை வீட்டிலிருந்தே போனில் படிக்கலாம். தவறவிட்டால் மறுபடி சோதனை அடுத்த வருடம்தான், அப்போது நான் பாடசாலையிலேயே இருக்கமாட்டேன். என் முறை வந்த நாள் பார்த்து, காலையிலேயே கரண்ட் போய் எங்கள் ஊர் டவரும் படுத்துவிட்டது. புத்தளம் போனால் சமாளிக்கலாம் என்று வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ்ஸோ ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. நுரைச்சோலையைத் தாண்டும்போதுதான் போனில் சிக்னல் வந்தது. வந்த கையோடு டீச்சரின் அழைப்பும் வந்தது.

பஸ்ஸில் பாட்டு காதைப் பிளந்தது. எங்கள் பக்கத்து பஸ்களில் பாட்டுப் போடாவிட்டால் எஞ்சின் ஓடாதோ என்னவோ! நான் கத்திக் கத்திப் பேசுகிறேன், டீச்சர் காதில் கைவைத்துத் தலையை ஆட்டுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத என் வாப்பா, சனத்துக்கு மேலால் கொண்டக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, புள்ளட சோதனை! ஜப்பான்ல இருந்து டீச்சர் பேசுறாங்க. அந்தப் பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்!"

கொண்டக்டர் சிலாபப் பக்கத்துச் சிங்கள இளைஞர். போனை எட்டிப் பார்த்தவர் சாரதியை நோக்கி, "அய்யே, பாட்ட ஓஃப் பண்ணுங்க! நங்கிக்கு எக்ஸாம்!" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. பிறகு எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அத்தனை சனமும் அப்படியே அடங்கிப்போனது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், மடியில் கருவாட்டுப் பையுடன் உள்ளே நகர்ந்து எனக்கு இடம் தந்தார்.

பெயர், குடும்பம், ஊர் எல்லாம் பாடமாக்கி வைத்தவைதான், கடகடவென்று சொல்லிவிட்டேன். கடைசியாக, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டார் டீச்சர். வெளியே உப்பளம். அதற்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடல் தண்ணீர், நிறைய வெயில், பிறகு வெள்ளை உப்பு என்று தெரிந்த சொற்களை எல்லாம் விழுந்து எழும்பித் தேடி ஒட்டுப்போட்டேன். பஸ்ஸில் ஒரு இருமல்கூட இல்லை. டீச்சர் சிரித்தபடி கைதட்டி, தேறிவிட்டாய் என்றார். நான் போனைத் திருப்பி பஸ்ஸைக் காட்டினேன். அவர் குனிந்து வணங்கினார். கொண்டக்டரும் குனிந்தார்.

இனிப் புத்தளம் எதற்கு? வழியில் பாலாவியிலேயே இறங்கி, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக வீதியைக் கடந்தோம். எங்கள் பின்னாலேயே இன்னும் சிலர் கடந்து வந்தார்கள். கருவாட்டுப் பைப் பெண்ணும் வந்து பக்கத்தில் நின்றார். கற்பிட்டிப் பக்கமிருந்து வந்தவர் மறுபடி அந்தப் பக்கமே போக நிற்கிறாரே என்று வாப்பாவுக்குக் குழப்பம்.

"ராத்தா, நீங்க எங்க போகணும்?"

"நான் இறங்குற இடம் எப்பவோ போய்ட்டு," என்று சிரித்தார் அவர். "பெல் அடிச்சா புள்ளட பேச்சு குழம்பிடுமே. அதான் அப்படியே இருந்துட்டன்."

மற்றவர்களும் ஓம் ஓம் என்று சிரித்தார்கள். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. வெயிலோ கொளுத்தியது. ஜப்பானிய மொழியில் நன்றி சொல்ல எனக்குப் பல விதம் தெரியும். அன்று என் சொந்த மொழியில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை, டீச்சரைப் போலவே குனிந்து வணங்கினேன்.

இப்போது நான் வீட்டிலிருந்தபடியே போனில் பிள்ளைகளுக்கு அந்த மொழியைப் படிப்பிக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை சொல் கிடைக்காமல் தடுமாறி நின்றால் நான் இடையில் புகுந்து எடுத்துக்கொடுப்பதில்லை. எனக்காகத் தங்கள் ஊரையே தாண்டி வந்தவர்களை நினைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை பேசி முடிக்கும் வரை பேசாமல் இருக்கிறேன்.